சிவப்பு பட்டனுக்குப் போன ஒயர்

உங்கள் செல்போன் சில சமயம் தட்டியதும் கேட்காமல் நின்று யோசிக்கும், கவனித்திருப்பீர்கள் ஐயா. சனியன் என்று திட்டிவிட்டு இன்னொரு முறை தட்டுவோம். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. போன் அப்படி இருக்கலாம், ரிக் வண்டி அப்படி இருக்கக் கூடாது. நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்யும் பட்டறையில் நான் இன்ஜினியர். ஆபரேட்டர் அழுத்தும் பட்டன்கள் பெட்டிக்குள் இருக்கும் சிறிய கம்ப்யூட்டருக்குப் போகும். பூமியைத் துளைக்கும் இரும்பு ராடைச் சுற்ற வைப்பதும் நிறுத்துவதும் அதுதான். புதிய பெட்டிக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது என்று பேச்சு வந்தது. பகட்டில்லாத, ஆனால் சொன்ன நொடியில் சொன்னதைச் செய்கிற சின்ன சிஸ்டம் ஒன்றை நான் சொன்னேன். முதலாளி சென்னிமலையின் மகள் ரஞ்சனி, கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவள், போனில் இருப்பதைப் போன்ற பெரிய சிஸ்டம்தான் வேண்டும் என்றாள். பெரிய திரை, வண்ணப் படம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற விவரம் முதலாளியின் போனுக்கே வரும். அந்த விவரத்தை அனுப்பும்போது மற்ற வேலையெல்லாம் காத்து நிற்கும், நிறுத்தும் பட்டனும் சேர்ந்து காத்து நிற்கும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

முதலாளியின் சொந்த ரிக் வண்டியை ஓட்டும் ஆபரேட்டர் செல்லமுத்து ஒருவர்தான் எனக்காகப் பேசினார். “சார் சொல்றதையே போட்டுரலாமுங்க. படம் பாத்துக்கிட்டா போர் ஓட்டப் போறோம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு சரி.

ரஞ்சனி முட்டாள் அல்ல. நிறுத்தும் சிவப்பு பட்டனிலிருந்து ஒரு ஒயரைக் கம்ப்யூட்டரைத் தொடாமல் நேரே, ராடைச் சுற்றும் ஆயிலை அடைக்கிற வால்வுக்கு இழுத்துவிடச் சொன்னாள். இழுத்தேன். அதன் பிறகு சிஸ்டம் தூங்கினாலும் பட்டனை அழுத்தினால் ராட் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஒரு கோளாறும் இல்லை. பெட்டியைப் பார்க்க ராசிபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். “என்னுங்க சார், நின்னு போயிரும்னீங்க?” என்று சென்னிமலை டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. காப்பாற்றியது என் ஒயர், பேர் வாங்கியது அவளுடைய சிஸ்டம். இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நாமகிரிப்பேட்டைக்குப் போர் போட அந்த வண்டி கிளம்பிய காலையில் அந்த ஒயரைக் கழற்றினேன். சோதனை என்றால் நேர்மையாக நடக்க வேண்டும். முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்தால்தானே சுவரின் லட்சணம் தெரியும்? செல்லமுத்துவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜாக்கிரதையாக இருந்துவிடுவார், ஒன்றும் வெளியே தெரியாது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் முதல் ராடுக்குச் சாமந்தி மாலை போடுவார். மெதுவாகச் சுற்றவிடுவார். இடது கையால் சிவப்பு பட்டனை அழுத்தியபடியே வலது கையால் மாலையை எடுத்துத் தோட்டத்துக்கார அம்மாளிடம் கொடுப்பார். ராட் நின்றதா என்று திரும்பிப் பார்க்க மாட்டார். என் பட்டன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று சென்னிமலையும் ரஞ்சனியும் பக்கத்திலேயே நின்றார்கள். எனக்கு அதுதான் வேண்டும். ராட் மாலையோடு சுற்ற ஆரம்பித்ததும் ஆழ விவரத்தைக் கேட்டு என் போனில் தட்டினேன். பெட்டி அனுப்பத் தொடங்கியது. செல்லமுத்து பட்டனை அழுத்திவிட்டுக் கையை நீட்டினார். ராட் நிற்கவில்லை. மாலையோடு கை போனது. அதன் பின்னால் துண்டு போனது. துண்டு கழுத்தில் இருந்தது.

பிறகு நின்றது. நான் சொல்லியிருந்த அளவு தாமதம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கை போகும் என்று எனக்குத் தெரியும் ஐயா. துண்டை நான் யோசிக்கவில்லை. ஒயரைக் கழற்றியவனும் போனில் தட்டியவனும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டில், விஷயம் தெரியாத சென்னிமலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “இனி நீங்க சொன்னதையே போட்டுரலாமுங்க சார்” என்றார். பக்கத்தில் ரஞ்சனி தலை நிமிரவில்லை. அதைச் செல்லமுத்து இருந்து கேட்டிருக்க வேண்டும். எனக்காக அவர்தான் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.