அண்ணி போட்ட பனியன்

சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். பாகாலா வரை நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை, திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.

முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் ஒரு பனியன்.

“அண்ணி, தலையைக் குடு.”

“பஸ்லயாடி? அந்தப் பனியன் கம்பெனியிலதான் உன்னை வேணாம்னுட்டாங்களே. ஊர்லயே ஜாக்கெட் தச்சிக்கினு இரேன்.”

“ஜாக்கெட் தச்ச பழக்கம்தான் கெடுத்துச்சு. அங்க தச்சுக் காட்டச் சொன்னப்போ, கழுத்தைச் சுத்தி வர்ற பட்டியைக் கழுத்து அளவுக்கே வெட்டிட்டேன். பனியன் துணி இழுபடும் இல்ல, தொங்கிப்போச்சு. இப்போ பட்டியைக் குறைச்சு வெட்டி, இழுத்துப் பிடிச்சுத் தச்சிக்கீறேன். சூப்பர்வைசர் இன்னைக்கு இன்னொரு தடவை பாக்குறேன்னாரு. இதுவும் தொங்குனா அவ்ளோதான்.”

பனியன் அண்ணியின் கொண்டையைத் தாண்டி இறங்கியது. பட்டி கழுத்தோடு சுருக்கமில்லாமல் படிந்தது.

“சரி, கழட்டுடி. எல்லாரும் பாக்குறாங்க.”

“கழட்டாதே. சூப்பர்வைசரும் பாக்கட்டும்.”

கம்பெனி ஸ்டாப்பில், புடவைமேல் பனியனோடு அண்ணிதான் முதலில் இறங்கினாள்.

“சீக்கிரம் வாடி, வேர்க்குது.”

நானும் அங்கேயே இறங்கினேன். மறுநாள் காலை அந்தக் கம்பெனியில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். முதல் மூட்டையை அந்த இளையவளின் மெஷின் பக்கத்திலிருந்து எடுத்தேன்.