முன் காம்பராவுக்கு என்ன கலர்

— அப்ப முன் காம்பராவுக்கு பச்ச வேணாங்கிற.

— பச்ச வேணாம் பாப்பா. ஒரே ஒரு ஜன்னல் உள்ள ரூமுக்கு பச்ச அடிச்சா கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கும். வெள்ளையில கொஞ்சூண்டு மஞ்சள் கலந்த மாதிரி ஒன்னு இருக்கு. பால்ல ரெண்டு சொட்டு டீத்தண்ணி உட்டா வருமே, அந்த கலர். சரியா, ஹரியா?

— நஜீப் நானா கடையில போய், டீத்தண்ணி உட்ட கலர் குடுங்கன்னு கேக்கவா? போன தடவ நீ கடற்கரை மண்ணு கலருன்னு சொல்லி அனுப்புனதுக்கே மனுசன் என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. "லோஜினி, ஒங்க அண்ணன் கட்டார்ல கட்டடம் கட்டுறானா, கவித எழுதுறானா?"ன்னு கேட்டாரு.

— கட்டடம் இல்ல. கட்டி முடிச்ச வீட்டுக்கு உள்ளுக்கு வேல. சீலிங், செவுரு, அலமாரி. அவருகிட்ட ஒழுங்கா சொல்லு.

— சொன்னேன் அண்ணே. டிசைனர் சாருன்னே சொன்னேன்.

— நக்கலு. சரி கேளு. ஜன்னலுக்கு நேர் எதிர் செவுத்துல பெரிய கண்ணாடி ஒன்னு மாட்டணும். வெளிச்சம் அதுல பட்டு ரூம் ரெண்டு மடங்கா தெரியும். இங்க சின்ன ரூமுக்கெல்லாம் அப்பிடித்தான் செய்யிறோம்.

— எதிர் செவுத்துலதானே அம்மா சாமி படம் மாட்டியிருக்காங்க. அப்பா படமும் அங்கதான்.

— பக்கத்து செவுத்துக்கு மாத்து.

— நீயே சொல்லு அம்மாகிட்ட. "முருகன கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா, வெளிச்சம் மறைக்குது"ன்னு.

— சொல்றேன், பயமா எனக்கு? நீ மொதல்ல வீடியோவுல வா. செவுத்த பாத்துட்டு சொல்றேன்.

— டேட்டா முடிஞ்சிருச்சு. போட்டோ அனுப்புனேனே.

— எல்லா போட்டோவும் பாத்தேன். குசினி இருக்கு, முன் திண்ண இஸ்தோப்பு இருக்கு, வாசப்படி கூட இருக்கு. ஒன்னுலயும் நீ இல்ல. எத்தன மாசமாச்சு ஒன் மூஞ்சியப் பாத்து.

— ரூமத்தானே கேட்ட. மூஞ்சியக் கேக்கலையே.

— கேட்டா அனுப்புவியா?

— கேம்பஸ் போய் நல்ல சட்ட போட்டுக்கிட்டு அனுப்புறேன். இப்ப டைல்ஸப் பாரு. பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா அந்தி ஆனா வந்துருது. வாசல்லயே செருப்ப கழட்டிட்டு, சேலைய தூக்கிப் புடிச்சிக்கிட்டு, கோயில் உள்ளுக்கு நடக்குற மாதிரி நடக்குது. "இதுல கால் வைக்கவே மனசு வரல புள்ள"ங்குது. வைக்காத அக்கான்னேன்.

— பாவம், அப்பிடி சொல்லாத. மேசன் பாஸ் என்ன சொல்றாரு? சீலிங்க எப்ப அடிப்பாராம்?

— பாஸ் கித்துல்கல போயிட்டாரு. அங்க ஒரு ஹோட்டல் வேல. அத கேளேன் அண்ணே, வெள்ளக்காரங்களுக்கு ரூம் கட்டுறாங்களாம், நம்ம தோட்டத்து லயத்து காம்பரா மாதிரியே. தகரக் கூர, கரி பூசின செவுரு, குப்பி லாம்பு. ஒரு ராத்திரிக்கு வாடக கேட்டா மயக்கம் வருமாம். "நீங்க ஹோட்டல் மாதிரி கட்டுறீங்க, ஹோட்டல்காரன் ஒங்க மாதிரி கட்டுறான், எனக்கு ரெண்டு பக்கமும் வேல"ன்னு பாஸ் சிரிக்கிறாரு.

— நம்ம பழைய தகரத்த அவனுக்கு வித்துருக்கலாம். சரி, ஃபீல்டு ஆபிசர் ஐயா வந்து பாத்தாருன்னு சொன்னியே. பின் செவுத்த ஒடச்சு ஜன்னல் வச்சதுக்கு ஏதும் சொன்னாரா?

— ஒன்னும் சொல்லல. உள்ளுக்கு வந்தாரு. குனிஞ்சு தரைய கையால தடவிப் பாத்தாரு. "ஷா, மரு வேல, பிரமாதம்"ன்னாரு.

— பாத்தியா.

— அப்புறம், "இப்பிடி ஒரு காம்பராக்கு எத்தன குடும்பம் கேட்டு நிக்குது தெரியுமா?"ன்னாரு.

— கேக்கட்டும். நா சங்கத் தலைவர்கிட்ட போன்ல பேசிட்டேன். காம்பரா தோட்டத்தோடது, வீட்டுல ஒருத்தர் பேராவது வேலைக்கு இருக்கணும், இல்லாட்டி காலி பண்ணணும். அதெல்லாம் ரூல்தான். ஆனா டைல்ஸ் போட்ட வீட்ட எந்த தொரையும் புடுங்க மாட்டான்னு சொன்னாரு. அதுக்குத்தானே மொதல்ல தரையப் போடச் சொன்னேன். அம்மா வேலைய விட்டுட்டாலும் நம்மள யாரும் அசைக்க ஏலாது. ஹரியா?

— ம்.

— என்ன ம்?

— ஹரி, சரி அண்ணே. குசினிக்கு வா. நீ அனுப்புன படத்துல அடுப்பே இல்லையே.

— இருக்கு. மேடைக்குள்ள பதிச்சிருக்கு, கண்ணாடி மாதிரி. நம்மளுக்கு அது வேணாம். கேஸ் அடுப்பு ஒன்னு, கீழ பென்ட்ரி கபட், மேல ரெண்டு தட்டு. வெறகு அடுப்ப ஒடச்சிருங்க. அந்தப் பொகையாலதான் செவுரு கெட்டுப் போகுது.

— அம்மா ஒடைக்க விடல. கேஸ்ல ஆக்குன சோறு ஆஸ்பத்திரி சோறு மாதிரி இருக்காம். மேடைய சுத்தி கட்டி, அடுப்ப நடுவுல விட்டிருக்கு. பாஸ் தலையில அடிச்சிக்கிட்டாரு.

— ஐயோ. சரி, பொக போக ஒரு வழி வைக்கச் சொல்லு. அப்புறம் வீட்டுக்கு ஒரு வாசம் வேணும் பாப்பா. இங்க ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு வாசம் வைக்கிறாங்க. நானே ஒரு ஸ்ப்ரே அனுப்புறேன், எலுமிச்ச வாசம்.

— நம்ம வீட்டு வாசம் ரப்பர் பால் வாசம் அண்ணே. எலுமிச்சைக்கெல்லாம் அடங்காது.

— அம்மா வேலைய நிறுத்தி எவ்வளவு நாளாச்சு. இன்னுமா அந்த வாசம்?

— செவுத்துல ஊறிப் போச்சு போல.

— அதுக்குத்தான் பெயின்ட்ட ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்றேன்.

— அண்ணே, ஒன்னு கேக்கவா? சீலிங்க அப்புறம் செய்யலாம். பின் கதவுக்கு மேல ஒரு லைட் போட்டுத் தா. அதுக்கு பக்கத்துலயே வெளியில ஒரு பைப், கீழ சின்னதா ஒரு சிமெந்து திட்டு.

— பின்னுக்கா? பின்னுக்கு யாரு வந்து பாக்கப் போறா? காசப் போட்டா கண்ணுக்குத் தெரியுற எடத்துல போடணும்.

— பாக்க இல்ல. கை கால் கழுவ கொள்ள.

— உள்ளுக்கு பாத்ரூம் கட்டியாச்சு, டைல்ஸ் ஒட்டியாச்சு. இன்னும் வெளியில நின்னு கழுவணுமா?

— பிசுபிசுன்னு வந்தா நல்ல பாத்ரூம் கெட்டுப் போகும்ல.

— யாரு பிசுபிசுன்னு வர்றது? பாப்பா, உண்மைய சொல்லு. அம்மா இன்னும் ரப்பர் பால் வெட்டப் போறாங்களா?

— இல்ல அண்ணே.

— பொய் சொல்லாத. விடிய முந்தி போறதுக்கு லைட்டு, வந்து கழுவ பைப்பு. நா அந்த வீட்டுலதான் பொறந்தேன், எனக்குத் தெரியாதா? அந்த அடிபட்ட காலோட மறுபடியும் மேட்டுல ஏறுறாங்களா?

— அம்மா போகல. சத்தியமா போகல. கோழி வளக்கலாம்னு பாக்குறாங்க, அதுக்குத்தான். போதுமா?

— கோழிக்கு லைட்டு.

— கோழியும் படிக்கட்டுமே.

— நீ படி மொதல்ல. எப்ப மட்டக்களப்புக்கு போற? கேம்பஸ் தொறக்குற தேதி வந்திருச்சா?

— இன்னும் இல்ல. தள்ளிப் போட்டுக்கிட்டே போறாங்க.

— என்ன கேம்பஸ் அது. எங்கூட ரூம்ல இருக்குற ஜனகன் தங்கச்சியும் அங்கதான். அவ போயிட்டாளாமே.

— அது வேற பிரிவா இருக்கும் அண்ணே. என்னை விடு.

— எப்பிடி விடுறது? நம்ம டிவிஷன்லருந்து கேம்பஸ் போற மொத ஆளு நீதான். எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். சூப்பர்வைசர், அந்த மலையாளத்தான், அவருகிட்ட கூட சொன்னேன்.

— அண்ணே.

— என்ன?

— சும்மா ஒரு பேச்சுக்கு கேக்குறேன். இந்த வீடு நமக்கு இல்லன்னு ஆயிட்டா என்ன செய்வ?

— ஏன் அப்பிடிக் கேக்குற? யாரும் ஏதும் சொன்னாங்களா?

— சும்மாதான். கேகாலை டவுன்ல ஒரு ரூம எடுத்துக்கிட்டு அம்மாவும் நானும் இருந்தா.

— வாடகைக்கு? எவன் வீட்டுலயோ? பாப்பா, இங்க நாங்க ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். மேல ஒரு கட்டில், கீழ ஒரு கட்டில். லைட் அணைச்சதும் கண்ண மூடிக்கிட்டு நா நம்ம வீட்டுக்குத்தான் வர்றேன். இஸ்தோப்புல செருப்ப விடுறேன். முன் ரூம பாக்குறேன், குசினிய பாக்குறேன், ஒன் ரூம் கதவ மெதுவா தள்ளி, இவ படிக்கிறாளான்னு பாக்குறேன். ஒரு சுத்து நடந்தாத்தான் தூக்கம் வருது. அது இல்லன்னு சொன்னா நா எங்க போய் படுக்கிறது?

— சரி சரி. அழுவாத.

— அழுவல. தடிமன், சளி.

— வீடு இருக்கும் அண்ணே. நீ நடந்துக்கிட்டே இரு. எங்கயும் போகாது.

— அப்பிடிச் சொல்லு. இப்ப ஒன் ரூமுக்கு வருவோம். அதத்தான் கடைசிக்கு வச்சிருந்தேன்.

— எனக்கு ஒன்னும் பெருசா வேணாம். ஜன்னலுக்கு கட்டியா ஒரு திரை போதும். வெளிச்சம் வராத மாதிரி.

— வெளிச்சம் வரத்தானே செவுத்த ஒடச்சு ஜன்னல் வச்சோம்? படிக்கிற புள்ள பகல்லயா தூங்கப் போற?

— தூங்கட்டுமே.

— கேம்பஸ் லீவுல வந்தா தூங்கு. கட்டில செவுத்தோட ஒட்டிப் போடு. நீ கேட்டு நா அனுப்புன படத்த மறுபடி பாத்தேன், அந்த ஏழு தலகாணி கட்டில். தலகாணி அடுக்குனா நீ எங்க படுப்ப? ஒன்னு போதும். மேசை ஜன்னலுக்குப் பக்கத்துல. எடது பக்கத்துலருந்து வெளிச்சம் விழணும், எழுதுற கையோட நெழல் கொப்பியில விழக்கூடாது. ரப்பர் மரப் பலகையிலயே செய்யச் சொல்லு, மருந்து அடிச்ச பலகையா. நாற்காலி மட்டும் நல்லதா வாங்கு, முதுகு புடிக்கிற மாதிரி. மேல மூனு தட்டு. கீழ்த் தட்டுல அடிக்கடி எடுக்குற புத்தகம். மேல் தட்டுல ஒன் பட்டமளிப்பு போட்டோ. அந்த எடத்த இப்பவே காலியா விட்டு வை. செவுத்துக்கு இளநீலம் அடிக்கலாமா? கண்ணுக்கு குளிர்ச்சியா இருக்கும். பாப்பா? இளநீலம் ஹரியா? லோஜி? லைன் போயிருச்சா?

— தம்பி. விதுரு. நாந்தான்பா.

— அம்மா? பாப்பா எங்க?

— இங்கதான் கெடக்கா. போன காதுல வச்சிக்கிட்டே தூங்கிட்டா. மெதுவா பேசு சாமி, எழும்பிரப் போறா.

— நா அவ மேசையப் பத்தி சொல்லிட்டிருக்கேன், அவ தூங்குறாளா? பட்டப் பகல்ல?

— அசதிப்பா. இன்னும் சோறு கூட திங்கல.

— வீட்டுல இருக்குற புள்ளைக்கு என்ன அசதி? ஆக்குற வேல, துவைக்கிற வேல எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டு நீங்க மலைக்கு வேலைக்குப் போறீங்களாம்மா? நேரா கேக்குறேன்.

— நா எங்கப்பா போறது. மேட்டுல வழுக்கி விழுந்ததோட சரி. இந்தக் காலு அந்த ஏத்தம் ஏறுமா? இஸ்தோப்பு படி எறங்கவே செவுத்த புடிக்கிறேன்.

— என் மேல சத்தியமா?

— ஒன் மேல சத்தியமா.

— அப்ப சரி. அது போதும் எனக்கு. இருங்க, இருங்க. நீங்க போகலன்னா நம்ம வீட்டுல வேலைக்கு யாரு பேரும் இல்லையே. காம்பராவப் பத்தி ஒன்னும் கேக்கலையா? தலைவர் பேசி முடிச்சிட்டாரா?

— தலைவர் வந்தாரு. ஒக்காந்து டீ குடிச்சாரு. தரையப் பாத்தாரு, பாத்ரூமுக்குள்ள போய் பைப்ப தொறந்து மூடிப் பாத்தாரு. அவரு தங்கச்சி மகனுக்கு கலியாணமாம். மாப்பிள்ளயும் பொண்ணும் ரெண்டு பேருமே மலையில வேலைக்குப் பேர் போட்டவங்களாம். "இந்த மாதிரி ஒரு காம்பராத்தான் தேடிக்கிட்டிருக்கோம்"ன்னாரு.

— அந்த ஆளா? எங்கிட்ட அப்பிடிப் பேசுனவரு?

— நீ வீட்ட நல்லா ஆக்க ஆக்க கேக்குற ஆளுதான்பா கூடிச்சு. பொகை புடிச்ச பழைய காம்பராவா கெடந்திருந்தா ஒரு நாயும் எட்டிப் பாத்திருக்காது. சொன்னா நீ மனசு ஒடஞ்சிருவன்னு சொல்லல.

— ஃபீல்டு ஐயா என்ன சொன்னாரு?

— அவரு நல்ல மனுசன்தான். கொஞ்ச நாள் பொறுத்தும் பாத்தாரு. அப்புறம் வந்து, மேல இருந்து கேக்குறாங்கம்மா, ஒன்னு பேரக் குடுங்க, இல்லாட்டி சாவியக் குடுங்கன்னு சொல்லிட்டாரு.

— சாவியக் குடுத்துட்டீங்களா?

— குடுக்கல.

— அப்ப எப்பிடிம்மா இன்னும் உள்ளுக்கு இருக்கீங்க? அம்மா? பேசுங்களேன்.

— ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, சாமி.

— யாரு?

— கேம்பஸ் எப்பவோ தொறந்தாச்சுப்பா, அவ போகல. என் மரத்துலயெல்லாம் இப்ப அவதான் பால் வெட்டுறா.