முள் நீக்கிய மீன்

நாரைக்கு மீன் கொடுக்கும்போது முதலில் முதுகு முள்ளைக் கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் குத்தும். வளர்ப்பு நிலையத்தில் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை இது. கை தன்பாட்டுக்குச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டது.

நீங்கள் டீயைக் குடியுங்கள் ஐயா, ஆறிவிடும். நான் எங்கும் ஓடிப்போகப் போவதில்லை.

செங்கழுத்து நாரை உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒன்று எங்களிடம் இருக்கும் பெண். சின்னவள் என்று கூப்பிடுவோம். இன்னொன்று சதுப்பு நிலத்தில் திரிந்த ஆண். பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, போன மழைக்குப் பிறகு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து இறங்கியது.

குஞ்சு பொரித்ததிலிருந்து அதற்கு மனித முகம் தெரியக் கூடாது என்பது எங்கள் சட்டம். வெள்ளை அங்கி, முகத்திரை, கையில் தாய்ப்பறவையின் தலை மாதிரித் தைத்த உறை. அந்த அலகால்தான் ஊட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டால் மனிதனையே தன் இனம் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு வெளியே விட்டாலும் ஜோடி சேராது.

அந்த நாளில் சதுப்பு நிலத்தில் எப்போதாவது கிடைத்த முட்டைகளிலிருந்து, சின்னவளுக்கு முன்னால் பிறந்ததுகளை அப்படித்தான் வளர்த்து வெளியே விட்டோம். ஒன்று மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. மற்றதுகளை நாய்கள் கடித்துக் குதறின. மிச்சத்தைச் சாக்கில் அள்ளி வந்தவன் நான். டாக்டரம்மா அழுது முடித்துவிட்டு அடுத்த முட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு மனசு ஆறவே இல்லை. அதனால் சின்னவள் பொரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முகத்திரையைத் தூக்கினேன். உறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் ஊட்டினேன். வேறொன்றும் செய்யவில்லை.

முதலில் சந்தேகம் வந்தது என் மனைவிக்குத்தான். "உங்க மேல மீன் வாடை வீசுது. வீட்டுக்கு ஒரு மீன் வந்த பாடில்ல. யாருக்குத்தான் ஊட்டிட்டு வர்றீங்க?" என்பாள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஆண் வந்து இறங்கியதும் டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளை தானா வீடு தேடி வந்திருக்காரு. இனி பொண்ண அனுப்பி வைக்க வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று சாயங்காலமே மீனுக்குள் எலி மருந்தை வைத்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் எல்லோர் கண்ணும் பக்கத்து மீன்குளத்துக்காரர் மேல் விழுந்தது. பறவைகள் தன் குளத்தைக் காலி பண்ணுகின்றன என்று எங்களோடு எப்போதும் மல்லுக்கு நிற்பவர் அவர். வேலியோரம் அவரைப் பார்த்ததாக நானே சொன்னேன். உங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனபோது, "தம்பி, நீங்களே சொல்லுங்க, நான் செய்யக்கூடிய ஆளா?" என்று என்னைத்தான் கேட்டார். நல்ல மனிதர், பாவம்.

டாக்டரம்மா செத்த பறவையை அறுத்துப் பார்த்தார். வயிற்றில் இருந்த மீனுக்கு முதுகு முள் இல்லை. விஷம் வைக்கிறவன் எவனாவது முள்ளை நறுக்கிவிட்டு வைப்பானா? எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று, அதன் தொண்டையில் முள் குத்தியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அன்றிலிருந்து டாக்டரம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீனி அறையில் இருப்பது அவர், கூட்டிப் பெருக்கும் அக்கா, நான். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மீன் நறுக்கினோம். கத்தரியைக் கேட்டால்கூட யோசித்துத்தான் கொடுத்தார்கள்.

அந்த ஆணின் குரலுக்குச் சின்னவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காததை டாக்டரம்மா கவனித்திருந்தார். ஒரு காலையில் எங்களை அங்கியும் முகத்திரையும் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் வரிசையாக நிற்கச் சொன்னார். அவரும் நின்றார்.

சின்னவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தது. கீழே கிடந்த குச்சி ஒன்றைப் பொறுக்கியது. என் முன்னால் நின்று, கழுத்தைத் தாழ்த்தி, அதை என் காலடியில் வைத்தது. பிறகு இறக்கையை விரித்து ஆடியது. ஜோடி சேரும் பருவத்தில் நாரை ஆடுகிற ஆட்டம் அது.

டாக்டரம்மா முகத்திரையை விலக்கினார். "அடப்பாவி, ஒரு இனத்தையே முடிச்சிட்டியே" என்றார். அதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசியவர். நான் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. அந்த ஆணைக் கொன்றது நான்தான். மீன்குளத்துக்காரரை விட்டுவிடுங்கள். என்னை இங்கே கொண்டுவந்ததிலிருந்து சின்னவள் தீனியைத் தொடவில்லை, கழுத்தைத் தூக்கக்கூடத் தெம்பில்லை என்று சற்றுமுன் சொன்னீர்கள். இதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆள் கிடையாது.