ராய்ஸின் வலது பாதம்

கிட்டாருக்கு வா பெடல் என்கிற கால்மிதி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காதை நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தப்பு. பாதத்தை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். சத்தம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குதிகாலை அழுத்தினால் கிட்டார் வாயை மூடிக்கொண்டு முனகும், விரல் பக்கம் அழுத்தினால் வாயைத் திறந்து அழும். அந்த மிதிபலகையை முன்னும் பின்னும் தள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

நீங்கள் கேட்டது இது இல்லை, சார்ஜென்ட், எனக்குத் தெரிகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு ராய்ஸ் ஏன் செத்தான் என்று என்னால் சொல்ல முடியாது. எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கிளெம் ஹாஸ்கிங். வயது ஐம்பத்திரண்டு. போர்ட் பிரீ உருக்காலையில் ஸ்டோர் கீப்பர். ராய்ஸ் டிரெகென்சா என் தங்கை மொரீனின் புருஷன்.

பதினேழு வருஷம் நாங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால்பந்து கிளப்பில் வாசித்தோம். அவன் கிட்டார், நான் பாஸ் கிட்டார். டிரம்ஸுக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். என் மனைவி என்னை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் போய் வாசித்துவிட்டுத்தான் வந்தேன். ஆலையில் நான் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஒன்றை வைத்துத்தான் நான் உயிரோடு இருந்தேன். பெரிதாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் ராய்ஸ் ஒரு கேசட்டோடு என் ஷெட்டுக்கு வந்தான்.

"மச்சான், ஃப்ரீமேன்டில்ல ஒரு குழு கூப்பிடுது. நெசமான குழு. நாடு பூரா சுத்துறவங்க."

"அப்ப நம்மளுது என்ன, பொம்மைக் குழுவா?"

"ஆரம்பிச்சிட்டியா? கேளு முதல்ல. ஜூன்ல வந்து வாசிச்சுக் காட்டச் சொல்றாங்க. பாதிப் பாட்டுல வா பெடல் வருது. நான் அதை மிதிச்சதே இல்ல. நீதான் பார்த்து வாங்கிக் குடுக்கணும்."

"மொரீன்?"

"அவளும்தான். டெஸ்ஸும்தான். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடலாம்னு இருக்கோம்."

டெஸ் அவர்கள் மகள், பத்தொன்பது வயது. ஃப்ரீமேன்டில் நாட்டின் மறுகோடி, இங்கிருந்து இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். நல்லது மாப்ள, ரொம்ப சந்தோஷம் என்றேன். அன்று ராத்திரி காலண்டரில் ஜூன் வரை எத்தனை வெள்ளிக்கிழமை என்று எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை அடிலெய்டு போனோம். கடையில் இரண்டு பெடல்கள் எடுத்து வைத்தார்கள். ஒன்றில் ஸ்பிரிங் இருந்தது, காலை எடுத்தால் தானாகவே பின்னால் வந்துவிடும். ராய்ஸுக்கு அதுதான் பிடித்தது. மற்றொன்று விட்ட இடத்தில் நிற்கும். அதைக் கடைக்காரர் கவிழ்த்து, அடியில் ஒரு நட்டைக் காட்டினார். "இதை இறுக்குனா மிதி கெட்டியாகும், தளர்த்துனா லேசாகும். உங்க காலுக்கு எப்படி வேணுமோ வச்சுக்கலாம்."

அந்த நட்டை நான் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்போது எந்தத் திட்டமும் இல்லை. இரண்டாவதை வாங்கு மாப்ள, அதுதான் பாட்டுக்கு அடங்கும் என்றேன். அவன் மறுபேச்சு பேசவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் என் சொல்லை அவன் தட்டியதே இல்லை.

ராய்ஸின் அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. குடும்பத்தில் வழிவழியாக வருகிற ஒரு நரம்பு நோயில் போனார். அவருடைய தம்பியும் அதே நோயில்தான். முதலில் வலது பாதம் சொன்னபடி கேட்காது. பிறகு கால்கள், கைகள், கடைசியில் மூச்சு. அப்பாவின் கடைசி ஒரு வருஷம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தது, ஊட்டியது, துடைத்தது எல்லாம் ராய்ஸ். அதற்குப் பிறகு படியில் லேசாகத் தடுக்கினால்கூட அவன் முகம் மாறிவிடும். நாங்கள் யாரும் அதைப் பேசமாட்டோம்.

பெடல் என் ஷெட்டில்தான் இருந்தது. அவன் வீட்டுச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் சத்தம் போடுவார்கள். வேலை முடிந்து தினமும் வந்து பழகுவான். முதல் வாரம் மிதி ரொம்பத் தொளதொளவென்று ஆடியது. அவன் போனபின் நான் ஸ்பானர் எடுத்து நட்டைக் கொஞ்சம் இறுக்கினேன். இது நல்ல எண்ணத்தில் செய்தது, இதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் வந்து மிதித்தவன் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், காலு சரியா வரல."

முகத்தில் ரத்தமே இல்லை. நான்தான் இறுக்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக எழுந்து போய் பெடல் மேல் ஏறி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு நாலு தடவை மிதித்தேன்.

"எனக்குப் பஞ்சு மாதிரி போகுதே மாப்ள."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்பானரால் ஒரு சிறு திருப்பு. அவசரப்படவில்லை. நடுவில் ஒருநாள் தளர்த்தியும் வைப்பேன், ஏனென்றால் அவன் அப்பாவுக்கும் நல்ல நாட்கள் வரும். அந்த நாட்களில் ராய்ஸ் சிரிப்பான், என்னைக் கட்டிப்பிடிப்பான். எனக்கும் உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும். நான் கல்மனசுக்காரன் இல்லை.

மே மாதம் மொரீன் அவனை அடிலெய்டில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பாதம் பலமாக இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். ராய்ஸ் அரை நம்பிக்கையோடு வந்து என் ஷெட்டில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்லையாம் மச்சான். நீ என்ன நினைக்கிற?"

"நல்ல சேதிதானே." அதோடு விட்டிருக்கலாம். "ஆனா உங்கப்பாவுக்கும் முதல்ல அப்படித்தானே சொன்னாங்க?"

அது பொய் இல்லை. அவருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ராய்ஸ் வலது பூட்ஸைக் கழற்றிப் பாதத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். பிறகு, "மொரீன் கையால நான் அப்படிக் கிடக்க மாட்டேன்" என்றான். சும்மா பேச்சுக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஃப்ரீமேன்டிலுக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் இங்கே இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை இருக்க வேண்டும். அத்தோடு நட்டைத் தளர்த்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஸ்பானரைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் கால் திடீரென்று தேறிவிட்டால் அவன் திரும்ப போன் செய்யமாட்டானா? ஜூன் முடியட்டும் என்று ஸ்பானரைப் பெட்டியில் போட்டேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை அவன் தன் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனான். காற்றே இல்லாத நாள். படகு ஆளில்லாமல் கிடைத்ததும், அதற்குள் பூட்ஸ் இரண்டும் ஜோடியாக இருந்ததும், பிறகு உடம்பு கரை ஒதுங்கியதும் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. அவன் விட்டுப்போன கடிதத்தில் மொரீனுக்கு ஒரு பக்கம், டெஸ்ஸுக்கு ஒரு பக்கம். எனக்கு ஒரு வரி. 'பெடலை மச்சானே வச்சுக்கட்டும், அவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தான்.' அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். நடிப்பில்லை, மொரீனைக் கேட்டுப் பாருங்கள்.

உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர் நோய்க்கான அடையாளமே இல்லை என்றாராம். ஆரம்பத்தில் தெரியாது என்று மொரீனே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். நானும் தலையாட்டினேன். அப்படியே போயிருக்கும், டெஸ் இல்லாவிட்டால்.

டெஸ் அப்பனைவிட நன்றாக வாசிப்பாள், அது இந்த ஊருக்கே தெரியும். சாவுக்குப் பிறகு கிட்டாரைத் தொடவில்லை. நேற்று மொரீன் வீட்டுக்குப் போனபோது சமையலறைப் படி விளிம்பில் நின்று, வலது பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்கி, எண்ணிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அப்படித்தானாம்.

"மாமா, அப்பாவுக்கு முதல்ல எப்படி இருந்துச்சு? சுண்டு விரல்லயா, முழுப் பாதமுமா?"

கையைப் பிடித்து அவளைப் படியிலிருந்து இறக்கிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை சார்ஜென்ட், அவள் அப்பனுக்கும் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் அது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

ராய்ஸ் டிரெகென்சாவை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் டெஸ்ஸிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டாள். உன் கால் நல்ல கால் என்று சொல்லுங்கள். நட்டைத் தளர்த்தி வைத்திருக்கிறேன், இப்போது ஒற்றை விரலால் தள்ளினால் போகும். கிளப்பில் எங்கள் இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, வரும் வழியில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை ஆறரை மணி. அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள், இல்லையா? அவளுக்கு பாஸ் வாசிக்க ஆள் வேண்டும்.