கேட் மெஷினுக்குத் தெரிந்த முகம்

"தூங்கும்போதும் நீ முழிச்சிக்கினே கீறக்கா. ரூமுக்குப் புதுசா வந்த பொண்ணு பயந்துட்டுது."

ஒரகடம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு எதிர் இருக்கையில், ஒரே நிறக் கம்பெனிச் சட்டையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரப் பெண்ணின் மேலிமைகள் உயர்ந்தே நின்றன. கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது, எதையோ கண்டு திடுக்கிட்டு அப்படியே நின்றுபோனதுபோல.

"தைராய்டு இமைய மேல இழுத்துப் புடிச்சிருக்காம். நான் என்ன செய்ய?" தெற்கத்திப் பேச்சு.

"நீ முறைக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்றாராமே?"

"அவருக்கு அது வேண்டியதுதான். கேட்டுல மூஞ்சி பாக்குத மெஷினுதான் என்னைய ஆளு தெரியலங்குது. நேத்தும் ஆப்சென்ட்."

"ஆபீஸ்ல சொல்லி புது போட்டோ ஏத்திக்க. இன்னொரு ஆப்சென்ட் வுழுந்தா வேலய வுட்டு நிறுத்திடுவான்."

"வேண்டாம்."

"ஏன்க்கா?"

"மருந்துல இமை எறங்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. எப்பன்னு சொல்லல. புதுசு ஏத்துனா பழச அழிச்சிருவாவ. அந்த மூஞ்சி வேற எங்க இருக்கு எனக்கு?"

பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இமை எறங்குனா அப்போ இன்னொரு போட்டோ எடு. மெஷின் இன்னா உன் மாமியாரா, மூஞ்சி மாறுனா கோச்சிக்க?"

மூத்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்பில் கண்கள் சுருங்கின; பழைய அளவு அதுவாகத்தான் இருக்கும்.

"மூஞ்சிய அப்டியே வெச்சிக்க, கேட்டு வந்துட்டுது."

இறங்கினார்கள். மெஷின்வரைக்கும் இளையவள் ஏதேதோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டே போனாள்.