கேள்வி மட்டுமே கேட்டேன்

எனக்கு மாணவர்களைப் பிடிக்கும். சனிக்கிழமைதோறும் கல்லூரிக்குப் போய், தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டினேன். சம்பளம் கிடையாது. தேநீர் தருவார்கள், அதுவும் ஆறிப்போயிருக்கும். வழிகாட்டிகளுக்கு அங்கே ஒரே விதி: பதில் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். அந்த விதியை என்னைப் போல் யாரும் மதித்ததில்லை.

என்னிடம் ஒப்படைத்த பெண்ணைத் தோழிகள் 'முதலாளியம்மா' என்று கேலி செய்வார்கள். சலவைக் கடைகளுக்காகச் சின்னதாக ஒரு நீராவிக் கொதிகலன் செய்திருந்தாள். நானும் அதே தொழிலில் இருந்து நொடித்துப்போனவன்தான். முதல் நாளே சொன்னாள்: "சார், உங்க கம்பெனி மிஷின் ஒண்ணு எங்க மாமா கடையில துருப்பிடிச்சுக் கிடக்கு. அதுல இருந்த தப்பையெல்லாம் பாத்துதான் இதைச் செஞ்சேன்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முளைத்து மூன்று இலை விடாதவள். ஆனால் அவள் சொன்னது உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் வால்வு இரண்டு வைத்திருந்தாள். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது காப்பாற்றும்.

"ஒண்ணைக் கழட்டிட்டா விலை எவ்வளவு குறையும்?" என்று கேட்டேன். கழற்றினாள்.

அடுத்த வாரம், "மிச்சம் இருக்கிற வால்வுல மலிவான ரகம் கிடைக்காதா?" என்று கேட்டேன். வாங்கி மாட்டினாள். அந்த ரகம் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அடைத்துக்கொள்ளும். தொழிலில் அடிபட்ட எனக்கு அது தெரியும்.

கல்லூரிக் கண்காட்சியில் அதை இயக்கிக் காட்டுவதற்கு முந்தின நாள் அவள் முகமே சரியில்லை. "சார், நிஜமா சொல்லுங்க, இது தாங்குமா?"

"நீ என்னம்மா நினைக்கிறே?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாங்கும்" என்றாள். சொன்னது அவள் வாய்.

அவள் கண்கள் போனதற்கு வருந்துகிறேன். மருத்துவமனைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா கட்டுப்போட்ட கையால் என் கையைப் பிடித்து, "எம் பொண்ணுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்தீங்களே" என்று அழுதார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முதல் வரிசையில் எனக்கென்று நாற்காலி போட்டிருந்தும், அவள் கொதிகலனை முடுக்கியதும் நான் ஏன் எழுந்து தூணுக்குப் பின்னால் போனேன் என்று.

வெடிக்கும் என்று தெரிந்துதான் போனேன். பக்கத்து நாற்காலியில் அவளுடைய அம்மா இருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.