பதினாலாம் கட்டிலின் நன்றி

இரவு ஒன்பதே கால் இருக்கும். ஆஸ்பத்திரியின் பின் கேட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை... நமக்கெல்லாம் தெரிந்த பாதைதான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் புதர். விளக்கு எரிந்தால் அதிசயம். அதில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னாலேயே ஒரு வாசனை வருகிறது. முகப் பவுடர் வாசனை.

சிரிக்காதே. ஆம்புலன்ஸ் ஷெட் கதவைச் சாத்திவிட்டு உட்கார், சாரல் அடிக்கிறது. இது எங்கேயோ கேட்ட கதை இல்லை. பகல் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறானே நம்ம கிளி, மூக்கால் பெயர் வாங்கியவன்... அவன் வாயால் சொன்னது. நடந்து போனவள் அவனுடைய சொந்த அக்கா. நரம்பு வார்டில் நர்ஸ்.

அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காதாம். அந்த வார்டில் பதினாலாம் கட்டிலில் ஒரு பெரியவர். பக்கவாதம். கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும்தான் மிச்சம். ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை. அப்படிப் படுத்துக் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும். மற்றவர்கள் புரட்டினாலும் புரட்டுவார்கள், மறந்தாலும் மறப்பார்கள். அக்கா மறக்கவே மாட்டாள். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. மெதுவாகப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, போர்வை ஓரத்தைச் செருகிவிடுவாள். நாற்பது நாள். ஒவ்வொரு தரமும் பெரியவர் கண்ணில் நீர் வழியும். அவள் கிண்டலாகச் சொல்வாள்.

“நன்றியெல்லாம் இப்ப வேணாம் ஐயா. எழுந்து எங்க வீட்டுக்கே வந்து சொல்லுங்க. வாங்கிக்கறேன்.”

நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் சொல்லிவிட்டாளே...

நாற்பத்தோராம் நாள், மாலை டூட்டி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரியவர் போய்விட்டார். அக்காதான் கண்ணை மூடிவிட்டாள். அன்று ராத்திரிதான் அந்தப் பாதை, அந்த வாசனை. கையில் ஒட்டியிருக்கிறதோ என்று முகர்ந்து பார்த்தாள். கையில் சோப்பு வாசனைதான் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். பக்கத்தில் கணவர்... கிளிக்கு மாமா, டைல்ஸ் ஒட்டுகிறவர், படுத்ததும் குறட்டை. பதினோரு மணி. அவள் தோளில் ஒரு கை விழுந்தது. இடுப்பில் ஒரு கை. கத்தப் பார்த்தாள், நாக்கு புரளவில்லை. மெதுவாக, வலிக்காமல், அவளைப் புரட்டியது. முதுகைத் துடைத்தது. போர்வை ஓரத்தைச் செருகியது... சரக்... சரக்... மறுபடி ஒரு மணிக்கு. மூன்று மணிக்கு. விடிந்து பார்த்தால் நைட்டியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர். அவர்கள் வீட்டில் பவுடர் டப்பாவே கிடையாது.

மாமா முதலில் நம்பவில்லை. வேலைக் களைப்பு என்றார். மூன்றாம் இரவு தூங்காமல் உட்கார்ந்து பார்த்தார். யாருமே இல்லாமல் அவள் புரள்வதைப் பார்த்தவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஒட்டிக் காய்ந்த டைல்ஸ் மாதிரி அவள் அசையவே இல்லை. அது தன் வேலையை முடித்த பிறகுதான் விட்டது.

ஒரு வாரத்தில் அக்காவுக்குப் பகலிலும் கால் மரத்துப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். “அவர் கெட்டது நினைக்கலைங்க,” என்று அழுதாள். “நன்றிக்கடன் தீர்க்கறார். என்னைப் பேஷன்ட்டா வச்சுப் பாத்துக்கறார். இப்படியே போனா நான் எழுந்திருக்கவே மாட்டேன்.”

கெட்ட ஆவி என்றால் விரட்டலாம். நன்றியை யாரிடம் சொல்லி விரட்டுவது?

அக்காவுக்கே ஒரு யோசனை வந்தது. வார்டில் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி முடிந்தவள் சும்மா கிளம்பிவிட முடியாது. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நின்று, நோயாளி எப்படி இருக்கிறார் என்று அடுத்தவளிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அடுத்தவள் “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இவளுக்கு அந்தக் கட்டிலில் வேலை இல்லை. “அவர் கையிலேருந்து என்னை நீங்க வாங்கிக்கங்க. அவர் போயிடுவார்,” என்றாள்.

அன்று பதினோரு மணி. அக்கா படுத்திருக்கிறாள். மாமா கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். பவுடர் வாசனை வந்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். “ஐயா... உங்க டூட்டி முடிஞ்சுது. ஒப்படைச்சுட்டுக் கிளம்புங்க.”

மின்விசிறி மட்டும் டக்... டக்...

கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். பல நாள் திறக்காத தொண்டை மாதிரி. “கட்டில் பதினாலு... நினைவு இருக்கு. பேச்சு இல்ல. கழுத்துக்குக் கீழ அசைவு இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டணும்...”

நாற்பது நாள், தினம் மூன்று வேளை, தலைக்கு மேலே அவர் கேட்டுக் கிடந்தது அதைத்தான். பாவம், வேறு என்ன சொல்லத் தெரியும் அவருக்கு? இதை ஒப்புக்கொண்டால் தன் நிலையும் அதுவாகிவிடும் என்று அக்காவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா முந்திக்கொண்டார். விட்டால் போதும் என்ற அவசரம் அவருக்கு.

“சரிங்க ஐயா. நான் பாத்துக்கறேன்.”

வாசனை போய்விட்டது. மாமா விளக்கைப் போட்டார். சிரித்துக்கொண்டே, “போயிட்டார்டி, எழுந்திரு,” என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்தது.

எட்டு மாதம் ஆகிறது. எடுக்காத ஸ்கேன் இல்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். மாமா வேலையை விட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர்தான் புரட்டுகிறார். கிளி உதவிக்குப் போனால் நடக்காது... அவன் எவ்வளவு தம் கட்டினாலும் அவள் அசைய மாட்டாள். மாமா கை பட்டால்தான் புரள்கிறாள். பாத்துக்கறேன் என்று சொன்னவர் அவர்தானே.

போன மாதம் ஒரு நாள் அசதியில் அவர் கண்ணயர்ந்துவிட்டார். தோளில் ஒரு கை மெதுவாகத் தட்டியது. “தம்பி... நேரமாச்சு...”

கோபமே இல்லையாம் அந்தக் குரலில். மாமா அழுதுகொண்டே எழுந்து, அவளைப் புரட்டி, துடைத்து, போர்வையைச் செருகினார். பிறகு இருட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “இவளை விட்டுடுங்க ஐயா...”

அப்புறம் காதுக்குப் பக்கத்தில், ரொம்பப் பிரியமாக...

“எவ்வளவு நல்லா பாத்துக்கறீங்க தம்பி... ரொம்ப நன்றி.”

அந்த நன்றிக்குப் பயந்து அன்றிலிருந்து மாமா படுப்பதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்... சாய்ந்துவிடாமல் இருக்க இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு.